ஒலி விற்கும் ஊரிலே

பரிசுப் பொருள் வாங்குவதில் இரு வகை உண்டு. கொடுப்பவர் தமக்குப் பிடித்ததை வாங்கிக் கொடுப்பது ஒன்று. பெறுபவருக்குப் பிடித்ததைத் தேடி வாங்குவது மற்றொன்று. முன்னது எளிது, பின்னது அரிது. பெறப்போகிறவர் இருபது வயதுத் தம்பியாகவும், பொருளைப் பார்க்குமுன் அதன் மேலுள்ள பெயரைப் பார்ப்பவராகவும் அமைந்துவிட்டால், அரிது என்பது மிக அரிது ஆகிவிடுகிறது.

நாம் யப்பானுக்குச் செல்வது உறுதியானதும் கொழும்பிலே பல்கலைக்கழகத்தில் பயிலும் எம் கடைசித் தம்பி தொலைபேசியில் அழைத்தான். “அண்ணா, எனக்கு ஒரு ஹெட்போன் வேணும். கம்பனிச் சாமானாப் பாத்து வாங்குங்கோ. பேர் தெரியாததை மட்டும் கொண்டு வந்திடாதேங்கோ” என்றான். ஆகவே தோக்கியோ நகரில் எமக்குக் கிடைத்த ஓய்வுநாள் ஒன்றை, கோயில்களுக்கும் பூங்காக்களுக்கும் ஒதுக்காமல், அகிஹபாரா என்னும் கடைத்தெருவுக்கு ஒதுக்கினோம். அங்கு கண்டதையும் கற்றதையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தீயில் பிறந்த பெயர்

தோக்கியோவைச் சுற்றி வட்டமாக ஓடும் யமனோத்தே புகையிரதப் பாதையிலே உள்ள நிலையங்களுள் அகிஹபாராவும் ஒன்று. அதன் வாயில்களில் ஒன்றுக்கு ‘மின்சார நகர வாயில்’ என்றே பெயர். அவ்வாயிலால் வெளியே வந்தவுடன் கண்ணையும் காதையும் ஒருங்கே தாக்குகிறது அந்த ஊர். வானளாவும் கட்டடங்களின் முகமெல்லாம் விளம்பரப் பலகைகள். சித்திரக்கதை நாயகிகளின் பெரிய பெரிய கண்கள். ஒவ்வொரு கடை வாயிலிலும் ஒவ்வொரு பாட்டு. தலைக்கு மேலே உயர்ந்த பாலத்தில் இன்னொரு புகையிரதம் ஓடிக்கொண்டிருக்கிறது.

இவ்வளவு ஆரவாரமான ஊரின் பெயர் ஓர் அமைதியான தெய்வத்தின் பெயராகும். 1869ஆம் ஆண்டு இப்பகுதியில் பெருந்தீ மூண்டு வீடுகளை அழித்தது. மீண்டும் தீ பரவாதிருக்க அந்நிலத்தை வெட்டவெளியாக விட்டு, அதிலே தீத்தணிக்கும் தெய்வத்துக்கு ஒரு கோயிலும் எடுத்தார்கள். அத்தெய்வத்தை மக்கள் ‘அகிபா’ என்ற தீக்காப்புத் தெய்வமாகவே கருதினர். அகிபாவின் வெளி என்பதே மருவி அகிஹபாரா ஆயிற்று. பின்னர் 1890இல் அந்த வெளியிலே சரக்குப் புகையிரத நிலையம் வந்தது. கோயில் வேறிடத்துக்குப் பெயர்ந்தது. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபோது தோக்கியோவின் பெரும்பகுதி சாம்பராய்க் கிடந்தது. மக்களுக்குச் சோற்றுக்கு அடுத்தபடியாக வேண்டியிருந்தது செய்தி. வானொலிப் பெட்டி வாங்கப் பணமில்லை. ஆயினும் உதிரிப்பாகம் கிடைத்தால் தாமே பூட்டிக்கொள்ளும் இளைஞர் இருந்தனர். அருகிலிருந்த மின்சாரக் கல்லூரி மாணவர்கள் வானொலி பூட்டி விற்றுக் கைச்செலவுக்குத் தேடிக்கொண்டார்கள். அவர்களுக்குக் குழாய்களும் கம்பிச்சுருள்களும் விற்ற தெருவோரக் கடைகள் பெருகின. 1949இல் தெருவோரக் கடைகளை அகற்றும்படி உத்தரவு பிறந்தது. அவ்வியாபாரிகள் பலர் புகையிரதப் பாதையின் தூண்களுக்கிடையே ஒதுங்கினர். அகிஹபாரா மின்சார நகரமானது அவ்வாறுதான்.

தண்டவாளத்தின் கீழ்

அக்கடைகளுட் சில இன்றும் அவ்விடத்திலேயே இருக்கின்றன. பெருங்கட்டடங்களை விட்டு விலகி, பாலத்தின் கீழுள்ள ஒடுங்கிய நடைவழியில் நுழைந்தோம். இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் தோளைச் சாய்த்துத்தான் போகவேண்டும். இருபுறமும் பெட்டிக்கடை அளவேயான கடைகள். ஒன்றில் ஆளிகள் மட்டும். ஒன்றில் கம்பிகள் மட்டும். இன்னொன்றில் சிறு விளக்குகள் மட்டும். நடுவே முதியவர் ஒருவர், நமது ஊர்ப் பொற்கொல்லர் பட்டறையில் இருப்பதுபோல, மூக்குக் கண்ணாடியைத் தாழ்த்திக்கொண்டு அமர்ந்திருக்கிறார். புகையிரதம் மேலே போகும்போதெல்லாம் கடை மெல்ல அதிர்கிறது. அவர் நிமிர்ந்தும் பார்ப்பதில்லை.

வானொலியைப் பொறுத்தவரை யப்பானும் இலங்கையும் ஒரே வயதினர். தோக்கியோவில் வானொலி ஒலிபரப்பு 1925 மார்ச்சில் தொடங்கியது. கொழும்பில் அதே ஆண்டு டிசெம்பரில் தொடங்கியது. அக்காலத்து எளிய படிக வானொலிகளில் ஒலிபெருக்கி கிடையாது. காதிலே செவிக்கருவியை மாட்டிக்கொண்டுதான் கேட்கவேண்டும். ஆகவே ஹெட்போன் என்பது இன்றைய இளைஞரின் புதுமோகம் என்று எண்ணுவது சரியன்று. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நத்தானியேல் போல்ட்வின் என்பவர் தம் வீட்டுச் சமையலறையில் செய்து, 1910இல் அமெரிக்கக் கடற்படைக்கு அளித்த கருவியே இன்றைய ஹெட்போனின் முன்னோடி. இசையை ஸ்டீரியோவாகக் கேட்பதற்கென்றே ஒன்றை ஜோன் கொஸ் என்பவர் 1958இல் வெளியிட்டார்.

ஒலி கேட்பதற்காக மனிதர் படும் பாட்டை யாழ்ப்பாணத்தவருக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. 1990ஆம் ஆண்டை அடுத்து வந்த ஆண்டுகளில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, மின்கலங்களுக்கும் தடை. மிதிவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, தைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் வானொலி கேட்ட வீடுகள் எத்தனை! ஒருவர் சுழற்ற நால்வர் கேட்பர். சுழற்றுபவர் களைத்தால் செய்தி பாதியில் மங்கிவிடும். அந்த இரைச்சலோடு வளர்ந்த எமக்கும், அது ஓய்ந்த பின்னர் நினைவு தெரிந்த தம்பிக்கும் இடையே உள்ள தூரம் வெறும் வயதுத் தூரம் அன்று. அதனால்தான் அவனுடைய ‘கம்பனி’ மோகத்தைக் கேட்டபோது முதலில் எமக்குச் சற்றுக் கோபம் வந்தது.

பெயரும் அதன் பெறுமதியும்

ஆயினும் எண்ணிப் பார்க்கையில் அவன் பேச்சில் புதுமை ஒன்றுமில்லை. நம் பாட்டனார் காலத்தில் மிதிவண்டி என்றால் ரலி. தையல் இயந்திரம் என்றால் சிங்கர். தந்தையார் காலத்தில் ‘யப்பான் சாமான்’ என்ற இரு சொற்களே உத்தரவாதப் பத்திரமாக இருந்தன. ‘கம்பனிச் சாமான்’ என்ற சொற்றொடரைத் தம்பி கண்டுபிடிக்கவில்லை. வீட்டிலே கேட்டுப் பழகியதைத்தான் திருப்பிச் சொன்னான்.

பெயரின் பெறுமதியை யப்பானியர் எவ்வளவு கடினப்பட்டு உணர்ந்தார்கள் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1946இல், அகிஹபாராவுக்கு அதிக தூரமில்லாத நிகொன்பாஷிப் பகுதியில், யுத்தத்தில் சேதமுற்ற ஒரு பேரங்காடிக் கட்டடத்தின் அறையிலே மசரு இபுக்கா என்பவரும் அவருடன் இணைந்த அக்கியோ மொரித்தா என்பவரும் ஒரு சிறு நிறுவனத்தைத் தொடங்கினர். வானொலிப் பெட்டி திருத்துவதும் அவர்கள் தொழில்களுள் ஒன்று. 1955இல் அவர்கள் ஆக்கிய திரான்சிஸ்டர் வானொலியை எடுத்துக்கொண்டு மொரித்தா அமெரிக்கா சென்றார். புலோவா என்ற புகழ்பெற்ற கடிகார நிறுவனம் ஓரிலட்சம் வானொலிகள் வாங்க முன்வந்தது. ஒரே ஒரு நிபந்தனை: பெட்டியின் மேல் புலோவாவின் பெயர் இருக்கவேண்டும். சிறிய நிறுவனத்துக்கு அது கனவிலும் காணாத பெருந்தொகை. மொரித்தா மறுத்துவிட்டார். அவர் அன்று விட்டுக்கொடுக்க மறுத்த பெயர் ‘சோனி’. 1958இல் நிறுவனம் முழுவதும் அப்பெயரையே சூடிக்கொண்டது.

பெயர் என்பது முன்பின் தெரியாத ஒருவர் நமக்குத் தரும் வாக்கு. வாக்கைக் காப்பாற்றுபவரும் உண்டு. பெயரை மட்டும் வைத்துக்கொண்டு விலையை உயர்த்துபவரும் உண்டு. எனவே பெயரைக் கேட்கும் தம்பியைக் குறைகூறாமல், பெயரைச் சோதித்து வாங்குவதே அண்ணன் கடமை எனத் தீர்மானித்தோம்.

கேட்டுப் பார்க்கும் கடைகள்

அகிஹபாராவின் சிறப்பு அச்சோதனைக்கு அது தரும் வாய்ப்பே. நிலையத்தின் கிழக்குப் பக்கத்தில் 2005ஆம் ஆண்டு திறக்கப்பட்ட யொடொபாஷிப் பேரங்காடி நிற்கிறது. அங்கே வரிசை வரிசையாக ஹெட்போன்கள் சங்கிலியில் கட்டப்பட்டுக் காத்திருக்கின்றன; யாரும் எடுத்து மாட்டிப் பார்க்கலாம். மேற்குப் பக்கத்தில் செவிக்கருவிகளையே தனித்தொழிலாக விற்கும் ‘ஈ-இயர்போன்’ என்ற கடை இருக்கிறது. அங்கு புதியனவும் உண்டு. ஒருவர் பயன்படுத்தித் திருப்பிக் கொடுத்தவையும் தரம் பிரித்து வைக்கப்பட்டுள்ளன. பள்ளிச் சீருடை அணிந்த மாணவனும் வெண்ணிறத் தலைமயிர் கொண்ட கனவானும் அருகருகே நின்று, கண்ணை மூடிக்கொண்டு, கோயிலில் நிற்பவர்போலக் கேட்டுக்கொண்டிருந்தனர். வாங்காமற் போகிறவரை முறைத்துப் பார்ப்பார் அங்கு எவருமில்லை.

கேட்டுப் பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. கடைக்காரர் வைத்திருக்கும் பாட்டைக் கேட்டு மயங்கக்கூடாது. நமக்கு நன்கு பழகிய பாட்டை நமது கைத்தொலைபேசியிலேயே கொண்டுபோக வேண்டும். நாம் கொண்டு சென்றவை மூன்று. யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தி அவர்களின் தவில் ஒன்று. தம்புராவோடு கூடிய ஒரு வாய்ப்பாட்டு. தம்பி ஓயாது கேட்கும் ஒரு புதிய திரைப்படப் பாட்டு. தவிலின் தொப்பிப் பக்கத்து அடி பொதுக்கென்று வீங்கி ஒலிக்கிறதா, அன்றி அடித்தவுடன் நிற்கிறதா என்று பார்த்தோம். நாதஸ்வரம் உச்சத்துக்குப் போகும்போது காதைக் குத்துகிறதா என்று கவனித்தோம். வாய்ப்பாட்டின் பின்னே தம்புரா மறையாது நிற்கிறதா என்று கேட்டோம். இம்மூன்றிலும் தேறும் கருவி எதையும் நன்றாகவே பாடும்.

ஒப்பிடும்போது ஒலியளவு சமமாக இருத்தல் வேண்டும். சற்று உரக்க ஒலிப்பது எப்போதும் சிறந்ததுபோலத் தோன்றும். அது காது செய்யும் மாயம். மேலும் ஒரு நிமிடம் மாட்டிப் பார்ப்பது போதாது. இருபது நிமிடமாவது அணிந்தால்தான் தலையை நெரிக்கிறதா, காது வியர்க்கிறதா என்பது தெரியும். தம்பி மூக்குக் கண்ணாடி அணிபவன். கண்ணாடியின் கால் இடையில் அகப்பட்டால் காதுமெத்தை சரியாக மூடாது, அடித்தொனி கசிந்துவிடும். ஆதலால் நாமும் கண்ணாடி அணிந்தபடியே ஒவ்வொன்றையும் சோதித்தோம்.

எவ்வகை, எவருக்கு?

ஹெட்போன்களில் திறந்தவை, மூடியவை என இருவகை உண்டு. 1968இல் ஜேர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் அறிமுகப்படுத்திய திறந்த வகையில் இசை காற்றோட்டமான மண்டபத்திற் கேட்பதுபோல் இருக்கும். ஆனால் உள்ளே ஒலிப்பது பக்கத்திலிருப்பவருக்கும் கேட்கும். விடுதி அறைக்கு அது ஆகாது. ஒலிப்பதிவுக் கூடங்களுக்கென்று செய்யப்பட்ட மூடிய வகைகளும் அங்கே இருந்தன. 1989இல் வெளிவந்த சோனியின் ஒரு மாதிரி யப்பானிய ஒலிப்பதிவுக் கூடங்களிலெல்லாம் காணப்படுவது. பக்கத்தில் ஒரு சிவப்புக் கோடு தவிர அலங்காரம் ஏதும் அதற்கில்லை. 1962இல் தோக்கியோவில் தொடங்கிய ஓடியோ-டெக்னிக்கா நிறுவனத்தின் கருவிகளும் தவிலைத் துல்லியமாகக் காட்டின. இசை மட்டுமே நோக்கமெனில் நாம் அவற்றுடனேயே கடையை விட்டு இறங்கியிருப்போம்.

ஆனால் தம்பி மாதம் ஒருமுறை கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு இரவுப் பேருந்தில் வருகிறவன். ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரமும் இயந்திரத்தின் உறுமல். அவனுக்கு வேண்டியது வெளியிரைச்சலை அடக்கும் வகை. இதன் தத்துவம் எளியது. கருவியின் வெளியே உள்ள நுண்ணிய ஒலிவாங்கி இரைச்சலைக் கேட்கிறது. உடனே அதற்கு நேரெதிரான அலையைக் கருவி உண்டாக்குகிறது. மேடும் பள்ளமும் சேர்ந்து சமதரையாகிறது. அமெரிக்காவில் வாழ்ந்த, வங்காளத் தந்தைக்குப் பிறந்த பேராசிரியர் அமர் போஸ் 1978இல் ஒரு விமானப் பயணத்தின்போது இதற்கான கணக்கைப் போடத் தொடங்கினார். 1989இல் அவரது நிறுவனம் விமானிகளுக்கான கருவியை வெளியிட்டது. இடையறாத தாழ்ந்த உறுமலை இது நன்கு அடக்கும். பக்கத்து இருக்கைக்காரரின் பேச்சை முற்றாக அடக்காது.

கம்பியற்ற கருவிகளின் மின்கலம் சில ஆண்டுகளில் வலுவிழக்கும் என்பதையும், நமது வெக்கையிலும் வியர்வையிலும் தோல்போன்ற காதுமெத்தை உரியும் என்பதையும் மறத்தலாகாது. மாற்று மெத்தை கிடைக்குமா என்று முன்னரே கேட்டோம். பெயர்பெற்ற பொருளை வாங்குவதன் உண்மையான நன்மை இங்கேதான் தெரிகிறது: மூன்று ஆண்டு கழிந்தும் அதன் உறுப்புகளைத் தேடிப் பெறலாம்.

தம்பி சொன்ன காரணம்

சோனியில் அண்மைய மாதிரியும் அதற்கு முந்திய மாதிரியும் அருகருகே இருந்தன. முந்தியதன் விலை குறைவு. எம் காதுக்குத் தெரிந்த வேறுபாடு சிறிது. அங்கிருந்தே தம்பியை அழைத்தோம். “பழைய இலக்கம் எண்டால் கூடப் படிக்கிறவங்களுக்குத் தெரிஞ்சிடும் அண்ணா” என்றான். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டுப் பின் மெதுவாகச் சொன்னான்: “வந்த புதுசில என்ர கதையைக் கேட்டுச் சிரிச்சாங்கள். என்ர போனைப் பாத்துச் சிரிச்சாங்கள். ஒரு சாமானாவது அவங்கள் வாய் திறக்காத மாதிரி இருக்கட்டும் எண்டு நினைச்சன். ஆனா நீங்கள் காசைப் பாருங்கோ. எதெண்டாலும் சரி.”

அதைக் கேட்டபின் அக்கடையின் இரைச்சல் எமக்குக் கேட்கவில்லை. பெயரிலே மயங்கியவன் என்று நாம் எண்ணியிருந்தவன், பெயரை ஒரு கவசமாகத் தேடியிருக்கிறான். ஊர்ப்பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறவர்களுக்கு ஹெட்போன் பதிலாகாது. அதை அவன் காலப்போக்கில் தானே அறிவான். ஆயினும் இருபது வயதில் தனியே ஒரு நகரத்தில் வாழ்பவனுக்கு அந்தக் கவசம் சிறிது காலம் தேவைப்படலாம். பாடம் சொல்லிக் கொடுக்க அது நேரமன்று. அண்மைய மாதிரியையே வாங்கினோம். இரண்டு நாள் உணவுச் செலவைச் சுருக்கினால் முடிகிற வேறுபாடுதான் அது.

வாங்குவோர் கவனத்துக்கு

யப்பானில் பொருள்களுக்கு 2019 ஒக்டோபர் முதல் 10 சதவீத நுகர்வு வரி உண்டு. வெளிநாட்டுப் பயணிகளுக்கு அதில் விலக்குண்டு. கடவுச்சீட்டைக் கையோடு கொண்டுசென்று நடைமுறையைக் கடையிலே கேட்டறிக. யப்பானிய உத்தரவாதம் பல பொருள்களுக்கு அந்நாட்டுக்குள் மட்டுமே செல்லும். நம் நாட்டில் வாங்குவதன் விலை சற்று அதிகமாயினும் உத்தரவாதம் கையருகே இருக்கும் என்பதையும் சீர்தூக்கிப் பார்த்தல் நன்று.

பெயருக்கு மதிப்பிருக்கும் இடத்தில் போலியும் இருக்கும். பெட்டியில் எழுத்துப்பிழை, எடைக்குறைவு, நம்பமுடியாத மலிவு ஆகியவை போலியின் அடையாளங்கள். உற்பத்தியாளரின் சொந்தச் செயலி அக்கருவியை அடையாளங் காண்கிறதா என்று பார்ப்பதும், தொடரிலக்கத்தைச் சரிபார்ப்பதும் பாதுகாப்பானவை.

எல்லாவற்றிலும் முக்கியமானது காது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி, வளர்ந்தோர் 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணிநேரம் கேட்கலாம். 90 டெசிபல் ஆனால் 4 மணிநேரமே. 12 முதல் 35 வயது வரையான நூறு கோடிக்கு மேற்பட்டோரின் செவிப்புலன் ஆபத்தில் இருப்பதாக அந்நிறுவனம் 2022இல் எச்சரித்தது. வெளியிரைச்சலை அடக்கும் கருவிக்கு இங்கே ஒரு நன்மை உண்டு: இரைச்சலை வெல்வதற்காக ஒலியைக் கூட்டவேண்டியதில்லை. ஆனால் வீதியைக் கடக்கும்போது அதைக் கழற்றிவிட வேண்டும் என்பதைப் பெற்றோர் பிள்ளைகளுக்கு ஒருமுறைக்கு இருமுறை சொல்லுதல் தகும்.

1979 ஜூலை முதலாம் நாள் சோனி வெளியிட்ட முதலாவது வோக்மன் கருவியின் விலை 33,000 யென். அதிலே ஹெட்போன் செருக இரண்டு துளைகள் இருந்தன. ஒருவர் மட்டும் காதை மூடிக்கொண்டு இசை கேட்பது பக்கத்திலிருப்பவரை அவமதிப்பதாகும் என்று மொரித்தா கவலைப்பட்டாராம். பின்னர் வந்த மாதிரிகளில் ஒரு துளை மறைந்துவிட்டது. இன்றைய கருவிகளில் துளையே இல்லாமலும் போயிற்று. ஹெட்போன் வாங்கிக் கொடுக்கும் அண்ணன்மாரும் அக்காமாரும் அந்த இரண்டாவது துளையை நினைவில் வைத்திருப்பது நல்லது. இடைக்கிடை அதைக் கேட்டு வாங்கி, தம்பியோ தங்கையோ என்ன கேட்கிறார்கள் என்று நாமும் கேட்டுப் பார்க்க வேண்டும். அவர்கள் வாய்விட்டுச் சொல்லாதவற்றுட் சில அந்தப் பாட்டுகளில் இருக்கக்கூடும்.